கரும்பு லாரியில் ஏற்றிய சமையற்கட்டு

அன்று காலை லாரியில் இருந்தவர்கள் அத்தை, நான், கூடையில் இரண்டு கோழிகள். இல்லாதவர்களைச் சொல்லப்போனால் நேரம் பிடிக்கும். அத்தையின் மகன் பிரிஸ்பேனில் இருந்தான். மகள் ஆக்லாந்தில். மாமா செத்துப்போய்ச் சில கரும்பு வெட்டுகள் ஆகியிருந்தன. என் அம்மா வாசல்வரை வந்தாள்; அழுகை முட்டிக்கொண்டு வரவே, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அப்பா நாந்தி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை பார்த்தார். அன்று அவருக்கு வேலை கிடையாது. ஆனாலும் யாரோ ஒருவனுடைய முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு விடியும் முன்பே கிளம்பிவிட்டார். தன் அக்கா சமையற்கட்டைப் பெயர்த்து லாரியில் வைத்துக்கொண்டு போவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. "பொட்டி போறதை நான் தினம் பாக்கறேன். சமையல்கட்டே போனா எப்படிடா பாக்கறது?" என்று முந்தின நாள் சொன்னார். சிரிப்பு வரட்டும் என்றுதான் சொன்னார். யாருக்கும் வரவில்லை.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. எங்கள் தீவின் தலைநகரான சுவாவில் துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் அரசாங்கத்தையே பாராளுமன்றத்துக்குள் அடைத்து வைத்திருந்த சமயம். நகரத்தில் இந்தியர் கடைகள் எரிந்தன. நான் அதே நகரத்தில், சமபுலாவில் ஒரு பள்ளியில் ஆசிரியனாகச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்து வெளியே வந்த முதல் ஆள் நான். வந்த வேகத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தையே பூட்டி, ஊருக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் பிடித்துச் சபேட்டோ வந்து சேர்ந்தேன். எங்கள் பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சத்தம் இல்லை. ஆனால் அங்கே வேறொன்று சத்தமில்லாமல் முடிந்துகொண்டிருந்தது. அத்தையின் நிலத்துக்கு லீஸ் தீர்ந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் கரும்பு போடுகிறவனுக்கு நிலம் சொந்தமில்லை. நிலம் பூர்வகுடி மக்களின் குலத்துக்குச் சொந்தம்; நாங்கள் முப்பது வருஷக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்வோம். முப்பது வருஷம் என்பது கையெழுத்துப் போடும்போது ஒரு யுகம் மாதிரி இருக்கும். அத்தைக்குக் கல்யாணமான புதிதில் எடுத்த நிலம் அது. குலத்துப் பெரியவர் தாமே ஒரு கட்டு சேப்பங்கிழங்கோடு வந்து உட்கார்ந்து, என் பேரன்மாருக்கு இப்போது நிலம் தேவைப்படுகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சண்டை போடுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. போகும்போது அத்தையின் கையைப் பிடித்து, வீடு உங்களுடையது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வழக்கமும் அதுதான். மண்ணை விட்டுவிட்டுத் தகரத்தையும் மரத்தையும் பிரித்து எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் எங்கள் சாலையில் பிரித்த வீடுகள்தான் அதிகம் போய்க்கொண்டிருந்தன. அத்தையும் வீட்டைப் பிரித்து விற்றாள். சமையற்கட்டை மட்டும் விற்கவில்லை. தச்சனைக் கூட்டிவந்து, பக்கத்து ஆட்களை வைத்துத் தூக்கி, அப்படியே லாரியின் முதுகில் உட்கார வைத்தாள். கரும்புக் கட்டுகளை இறுக்கும் சங்கிலிகளால் நான்கு மூலையிலும் பிணைத்தாள். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு கட்டில், சுவரில் மாரியம்மன் படம், தகர டப்பாக்கள். வாசலுக்கு ஒரு சிறு ஏணி.

மாமாவுக்குப் பிறகு அந்த லாரியை ஓட்டியவள் அவள்தான். லவுடோக்கா சர்க்கரை ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது அத்தனை ஆண்களுக்கு நடுவில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங் மேல் கையை வைத்துத் தூங்குவாள். முந்தப் பார்க்கிறவனுக்கு அவள் வாயிலிருந்து வருகிற தமிழ் முழுதாகப் புரியாது. புரிந்தமட்டும் போதும் என்று ஒதுங்கிவிடுவான். எங்கள் வீட்டில் மற்றவர்கள் எல்லாம் இந்திக்கு மாறிப் போயிருந்தார்கள். நான் தமிழ் எழுதக் கற்றது கோயில் வகுப்பில் என்றாலும், பேசக் கற்றது அவளிடம் திட்டு வாங்கித்தான்.

லாரியில் வீடு கட்டும் யோசனை அவளுக்கு ஆஸ்திரேலியாவில் வந்தது. இரண்டு வருஷம் முன்னால் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, அவன் குடும்பத்தோடு அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊரே இல்லாத செம்மண் காட்டுக்குள், ஓர் ஆற்றங்கரையில் கூடாரம் போடக் கூட்டிப் போயிருக்கிறான். அங்கே வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் ஜோடி ஜோடியாக, வீடு போன்ற வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்களாம். திரும்பி வந்த பிறகு பல மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "வீட்டை வித்துப்புட்டு வண்டி வாங்கிச் சுத்தறாங்கடா. நாளைக்கு எந்த ஊருன்னு அவங்களுக்கே தெரியாது. ஆத்தங்கரையில நாக்காலி போட்டு, சினிமா பாக்கற மாதிரி ஆத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நிலமும் இல்ல, லீசும் இல்ல. சந்தோசமா இருக்காங்க." அப்போது எங்களுக்கு அது வேடிக்கைக் கதையாக இருந்தது.

மகன் அவளுக்குக் குடியேற்ற விசா வாங்கிவிட்டிருந்தான். குறித்த தேதிக்குள் போய் இறங்காவிட்டால் அது செல்லாது. எல்லோரும் அவளுக்கு நல்ல காலம் என்றார்கள். அவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நெலம் இல்லாம இந்த நாட்டுல இருக்க முடியுமான்னு ஒரு தடவை பாத்துடறேன். முடிஞ்சா இருப்பேன். இல்லாட்டி பிளேன் ஏறிடறேன்" என்று தொலைபேசியில் மகனிடம் சொன்னாள். அவன் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு, அம்மாவைத் தனியே விடாதே என்றான். பள்ளி இல்லாத ஆசிரியனுக்கு வேறு என்ன வேலை.

நாந்தியைத் தாண்டித் தெற்கே போய், சிங்கடோக்கா ஆற்றங்கரையோடு மலைக்குள் ஏறுவது என்று முடிவு செய்திருந்தாள். பாலத்துக்கு முன்னால் ராணுவத் தடுப்பு. ஓர் இளம் பூர்வகுடிச் சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தான். ஏணியில் ஏறிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கினான். பிறகு இந்தியில் கேட்டான்.

"இது என்ன?"

"சமையல்கட்டு."

"சமையல்கட்டு ஏன் லாரி மேல இருக்கு?"

"லீஸ் முடிஞ்சுபோச்சு. நெலம் எங்களுது, வீட்டை எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னாங்க. எடுத்துக்கிட்டுப் போறேன்."

"எங்கே?"

"வைக்கத்தான் எடம் தேடறேன். உங்க ஊர்ல இருக்குதா?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். கேலியா கோபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டான். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அத்தை இறங்கிப்போய் ரொட்டியும் உருளைக்கிழங்கும் எடுத்துக் கொடுத்தாள். துப்பாக்கியை இடுப்புக்கு நகர்த்திவிட்டு மூன்று பேரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். அந்த வருஷத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு எரிந்த கடைகளோடு இதுவும் நினைவுக்கு வருகிறது.

பள்ளத்தாக்கில் ஏற ஏறத் தார் ரோடு போய் ஜல்லி ரோடு வந்தது. காய்கறித் தோட்டங்களும் புகையிலையும் பின்வாங்கின. மலைகள் மொட்டையாகி, நாணல் உயர்ந்தது. முதலில் நாங்கள் எங்கும் நிலைக்கவில்லை. ஒரு வளைவில் நிறுத்தினால் கொசு என்பாள். அடுத்த இடத்தில் புழுதி. இன்னொரு கரையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் சரியில்லை என்றாள். ஓடுகிற தண்ணீர் வேறு எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டேன், "நீ மாஸ்டர், உனக்குத் தெரியாது" என்று வண்டியை எடுத்தாள். உண்மைக் காரணம் கொசுவோ புழுதியோ இல்லை. வழியில் எங்கெல்லாம் நம் ஆட்களின் வீடு இருந்ததோ அங்கெல்லாம் யாராவது வந்து, ஏணியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்கள்: "பேப்பர் வந்துடுச்சா?" அந்த வருஷம் அதுதான் எங்கள் குசல விசாரிப்பு. சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதிலாக, உன்னைக் கூப்பிடும் நாட்டிலிருந்து காகிதம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டோம். எனக்கு வரவில்லை, நான் போட்டிருந்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கியதோ. அத்தைக்கு வந்துவிட்டது. அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரும் அப்படிக் கேட்காத இடத்தைத் தேடித்தான் மேலே மேலே போய்க்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஓரிடத்தில் ஆறு அகலமாகப் பிரிந்து, முழங்கால் அளவுத் தண்ணீராகக் கூழாங்கல் மேல் ஓடியது. இந்தக் கரையில் வண்டல் படிந்த சமமான திட்டு. எதிர்க்கரையில் மேட்டின்மேல் ஒரு சிறு கிராமம். மாதா கோயிலும் பலா மரங்களும் தெரிந்தன. அத்தை என்ஜினை அணைத்தாள். கொசுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அனுமதி கேட்காமல் யார் மண்ணிலும் தங்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அதற்காகவே சிங்கடோக்கா சந்தையில் இரண்டு கட்டு யங்கோனா வேர் வாங்கி வைத்திருந்தாள்; இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர், விருந்தாளி முதலில் கொடுக்க வேண்டியது. ஆற்றைக் கடந்து போய், கிராமத் தலைவரின் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, ஒரு வேர்க்கட்டை முன்னால் வைத்தாள். சபேட்டோவில் பழகிய அவர்களுடைய பாஷையிலேயே, இந்தக் கிழவிக்கு ஆற்றங்கரையில் கொஞ்ச நாள் காற்று வாங்க வேண்டும் என்றாள். தலைவர் வேரைத் தொட்டு, ஏதோ முணுமுணுத்து, கையைக் குழித்துத் தட்டினார். விருப்பப்படும்வரை இருங்கள் என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை மட்டும், லாரியின் மேல் வீடு என்பதைக் கேட்டதிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தங்கைதான் மறுநாளே பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கி வந்தாள். அவளும் விதவை, அத்தை வயதுதான் இருக்கும். ஆற்றிறால்களைக் கல்லடியில் கைவிட்டுப் பிடிப்பாள். ஏணியில் ஏறி உள்ளே வந்து, தரை ஆடுகிறதா என்று இரண்டு முறை குதித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அத்தைக்கு அவள் அக்கரைக்காரி. அவளுக்கு அத்தை 'மராமா லோரி'. லாரி அம்மா என்று அர்த்தம். அவள் மரவள்ளிக்கிழங்கும் இறாலும் கொண்டுவருவாள். அத்தை ரொட்டியும் மிளகாய்ச் சட்னியும் கொடுப்பாள். அக்கரைக்காரி சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணீர் வடிய வடிய, "உன் கடவுள் இதையா சாப்பிடுது? அதான் முகம் சிவந்திருக்கு" என்று படத்திலிருந்த மாரியம்மனைக் காட்டிக் கேட்பாள். மலைப்பேச்சில் அவள் சொல்வது அத்தைக்குப் பாதி விளங்காது. அத்தையின் சபேட்டோ உச்சரிப்பு அவளுக்குச் சிரிப்பு. இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே பொழுதைப் போக்கினார்கள். நான் கல்லில் உட்கார்ந்து ஆற்றில் காலை விட்டுக்கொண்டு வானொலியைத் திருகுவேன். மலைக்குள் அது இரைச்சலைத் தவிர ஒன்றும் தராது. சுவாவில் என்ன ஆனது, பள்ளி திறந்ததா, தெரியாமல் என்னால் உட்கார முடியவில்லை. அத்தை உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரிகளைப் போலவே ஒரு மடக்கு நாற்காலியை ஆற்றைப் பார்த்துப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "முடியும் போல இருக்குதுடா" என்று ஒருநாள் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு லேசாக இருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பிறகு கொத்தமல்லி ஆரம்பித்தது. சட்னிக்கு வேண்டும் என்று ஓர் எண்ணெய் டின்னில் மண்ணை நிரப்பி விதைத்தாள். டின் வெயிலில் சுடுகிறது, வேர் வெந்துவிடும் என்று அதைத் தரையில் கொட்டினாள். தரையில் கொட்டிய பிறகு அதற்கு ஒரு பாத்தி கட்டாமல் இருக்க முடியவில்லை. பாத்திக்குப் பக்கத்தில் இடம் வீணாகக் கிடந்தது, பயற்றங்காய் ஊன்றினாள். விதைகள் எல்லாம் சபேட்டோக் கொல்லையிலிருந்து டப்பாவில் கொண்டுவந்தவை. கத்தரி நாற்றுப் போட்டாள். மேய்கிற குதிரைகள் மிதிக்கும் என்று நாணலை வெட்டி வரிசையாக நட்டு வேலி கட்டினாள். நாற்காலி மடங்கி லாரியில் சாய்ந்து கிடந்தது. காலையில் நான் எழுந்து பார்க்கும்போது அவள் முழங்கை வரை சேற்றோடு இருப்பாள். லாரியில் கரும்புக் கழிகள் கொஞ்சம் கிடந்தன, அவள் நிலத்தில் கடைசியாக வெட்டியதில் கடித்துத் தின்னவென்று எடுத்து வைத்தது. அவற்றின் கணுக்களில் முளை வந்திருந்தது. துண்டு துண்டாக நறுக்கி, வேலியோரமாக ஒரு சால் இழுத்து, அதையும் புதைத்தாள்.

எனக்கு அது எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. கரும்புக் குடும்பத்தில் பிறந்தவன் கண்ணுக்கு வண்டல் திட்டு சும்மா கிடந்தால் ஒரு குறையாகத்தான் தெரியும். அதை நிரப்பினால் நிறைவாக இருக்கும். எங்கள் பாட்டன்மார்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதே இதற்குத்தானே. மண்ணைப் பார்த்தால் கை தானாகப் போகும். கேட்டு வாங்கியது காற்று வாங்குவதற்கு என்பது எங்கள் இருவருக்கும் மறந்தே போயிற்று.

அக்கரைக்காரி ஒருநாள் வந்தவள் ஏணியில் ஏறவில்லை. வேலியைப் பார்த்தாள். குனிந்து, சாலில் பச்சை ஊசிபோல் வெளியே வந்திருந்த கரும்பு முளையைப் பார்த்தாள். அத்தை பெருமையாக, "எப்படி வருது பாத்தியா? நல்ல மண்ணு" என்றாள். அக்கரைக்காரி கொண்டுவந்த இறாலை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, சிரிக்காமல் ஆற்றில் இறங்கிப் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அத்தை பத்து தடவை அக்கரையைப் பார்த்தாள். "ஒடம்பு கிடம்பு சரியில்லையோ" என்றாள்.

அன்று நடுப்பகலில் தலைவர் வந்தார். கூட இரண்டு வாலிபர்கள், பின்னால் அக்கரைக்காரி. வாலிபர்கள் கையில் கத்தி இருந்தது, தோட்டத்துக்குப் போகிற எவன் கையிலும் இருக்கிற நீளக் கத்திதான். ஆனால் அந்த வருஷத்தில் கத்தியைக் கத்தியாக மட்டும் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. வேலிக்கு வெளியே நின்று, கரும்பு முளையை விரலால் காட்டி, எங்களுக்குப் புரியட்டும் என்று இந்தியில் கேட்டார்.

"இது எத்தனை வருஷத்துக்கு?"

அத்தை பதறிப்போனாள். "ஐயோ, கடிக்கத்தான். சும்மா... கடிச்சுத் துப்பத்தான்."

"உங்க ஆளுங்க முதல் தடவை வந்தப்பவும் ஒரு சால்தான் இருந்திருக்கும்" என்றார் தலைவர். கோபமாகச் சொல்லியிருந்தால் அத்தை பதில் சொல்லியிருப்பாள். அவர் வருத்தமாகச் சொன்னார்.

அப்போதுதான் அக்கரைக்காரி வாயைத் திறந்தாள். அத்தைக்காகத் தன் பேச்சை நிதானமாக்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நீ விருந்தாளியா இருந்தா சாகிறவரைக்கும் இங்க இரு. நானே உன்னைக் குளிப்பாட்டிப் புதைக்கறேன். ஆனா விதை போட்டா நீ விருந்தாளி இல்லை, லோரி. விதை போட்டவ கிட்ட நான் இறால் கொண்டுவர முடியாது. வாடகை கேட்டுத்தான் வரணும்."

அவர்கள் போன பிறகு அத்தை பாத்தி நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டாள். "காத்து வாங்கறேன்னுதானே கேட்டேன்? நான் எப்பட்றா மாஸ்டர் இதைப் பண்ணேன்? எந்த நேரத்துல பண்ணேன்?"

மறுநாள் காலை மிச்சமிருந்த வேரை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். அவர்கள் வழக்கப்படி மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். சபேட்டோவில் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் நடந்ததைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பாயில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் வைத்து, நான் தப்புச் செய்துவிட்டேன் என்றாள். மேற்கொண்டு ஒரு காரணமும் சொல்லவில்லை. கட்டு அங்கேயே கிடந்தது. யாரும் தொடவில்லை. வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். அவள் முதுகு வளைந்தபடியே இருந்தது; லாரிகளுக்கு நடுவில் ஒருவனுக்கும் வழிவிடாத முதுகு. தலைவர் தன் தங்கையைப் பார்த்தார். அவள் தலையை அசைத்த பிறகுதான் கையை நீட்டி வேரைத் தொட்டார்.

"முடிஞ்சது" என்றாள் அக்கரைக்காரி. வந்து அத்தையை ஒட்டி உட்கார்ந்து முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். செடிகளைப் பிடுங்கிவிடுகிறேன் என்று அத்தை சொன்னதற்கு, "அது என்ன தப்பு பண்ணிச்சு? விடு. அது எங்க மண்ணு, எங்க செடி. நீ காய்க்கிறவரைக்கும் இருந்து தின்னு. இனிமே ஒண்ணும் ஊன்றாதே, அவ்வளவுதான்" என்றாள். தலைவரும் ஆமாம் என்றார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் நினைத்தேன். ஆற்றைக் கடக்கும்போது அத்தையிடம் அப்படியே சொன்னேன்.

அவள் ஆற்று நடுவில் நின்றாள். தண்ணீர் அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"இருக்கத்தான் சொல்றாங்க. சும்மா இருக்கச் சொல்றாங்க. எனக்கு சும்மா இருக்கத் தெரியலையேடா."

"காய்க்கிறவரைக்குமாவது இருக்கலாமே, அத்தை."

"காய்ச்சதைப் பாத்துட்டா அப்புறம் எப்படிடா போறது?"

அவ்வளவுதான். சபேட்டோவிலிருந்து எதைத் தெரிந்துகொள்ளக் கிளம்பினாளோ அதைத் தெரிந்துகொண்டுவிட்டாள். அன்றே கிளம்புவது என்று சொல்லிவிட்டாள். நான் அவசரமாகப் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கியபோது, வேண்டாம் என்று தடுத்து, சங்கிலிகளைத் தளர்த்தச் சொன்னாள். அக்கரைக்காரியைக் கூப்பிட்டு, சமையற்கட்டை அவளுக்குத் தருவதாகச் சொன்னாள். மாரியம்மன் படத்தை மட்டும் கழற்றி வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டாள். கிராமத்து ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். கீழே மூங்கில்களைக் கொடுத்து, ஒரே மூச்சில் குரல் கொடுத்து, தோளில் தூக்கினார்கள். அந்தச் சமையற்கட்டு ஆற்றில் இறங்கியது. கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டது. கத்தியோடு வந்திருந்த வாலிபர்களில் ஒருவன் நடு ஆற்றில் சறுக்கி விழப்போய், எல்லோரும் கத்திச் சிரித்தார்கள். முன்னால் அக்கரைக்காரி கோழிக் கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஊர்வலம்போல நடந்தாள். அத்தை கரையிலேயே நின்று, "சாயுது, சாயுது, எடப்பக்கம் ஏத்துங்க" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் புரியவில்லை. ஆனாலும் இடப்பக்கம் ஏற்றினார்கள்.

சுமை இல்லாத லாரி ஜல்லி ரோட்டில் துள்ளித் துள்ளி இறங்கியது. வழியெல்லாம் பழைய வீடுகளிலிருந்து பழைய கேள்வியோடு வந்தார்கள். பேப்பர் வந்துடுச்சா என்றால், "வந்துடுச்சு, போறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். லாரியைச் சிங்கடோக்காவில் ஒரு காய்கறி வியாபாரிக்கு விற்றுவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பினோம். நாந்தியில் டிக்கெட் எடுக்க அப்பாவும் கூட வந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஒன்-வேயா ரிட்டனா என்று கேட்டாள். "குடியேறப் போறவளுக்கு ரிட்டன் எதுக்கு? ஒன்-வே போடும்மா" என்றார் அப்பா. அந்தப் பெண்ணுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அந்த மேசையில் அந்த வருஷம் யாரும் ரிட்டன் கேட்டிருக்கமாட்டார்கள். அத்தை லாரிப் பணத்தை மேசையில் வைத்து, "ரிட்டன்" என்றாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உன் காசா?" என்றாள். புறப்பட்ட அன்று அப்பா தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. அக்காவின் பெட்டியைத் தன் கையாலேயே விமானத்தில் ஏற்றினார். எங்கள் சொந்தத்தில் அவர் ஏற்றாத பெட்டி இல்லை.

இப்போது அத்தை பிரிஸ்பேனில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். மகன் இருப்பது வாடகை வீடு; புல்தரையைத் தோண்டக் கூடாது என்பது ஒப்பந்தமாம். விடுமுறையில் இன்னமும் அந்தச் செம்மண் காட்டு ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். "நானும் நாக்காலியில உக்காந்து ஆத்தைப் பாக்கறேண்டா. கையை மடியில கட்டி வெச்சுக்கறேன்" என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னாள். எங்கள் பள்ளியில் இந்த வாரம் இன்னும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பிரிவு உபசாரம். எனக்கு இன்னும் பேப்பர் வரவில்லை. வந்தால் என்ன செய்வேன் என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொல்கிறேன். ஒருமுறை பள்ளி விடுமுறையில் தனியாக அந்த ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்தேன். மேட்டின்மேல் சமையற்கட்டில் புகை வந்துகொண்டிருந்தது. திட்டில் குதிரைகள் மேய்ந்தன. கரும்பை யாரும் வெட்டியதாகத் தெரியவில்லை. ஆளுயரத்துக்குப் புதராகிக் கிடந்தது. அக்கரைக்காரி ஒரு கழியை ஒடித்து என் கையில் கொடுத்து, லோரி எப்போது வருகிறாள் என்று கேட்டாள்.

வருவாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த டிக்கெட் ஒரு வருஷம்தான் செல்லும் என்பதும், அந்த வருஷத்தில் சின்னப் பேத்தி பிறந்ததும், தேதி அப்படியே தாண்டிப்போனதும் அக்கரைக்காரிக்குத் தெரியாது. திரும்பி வரும் பாதிக்காக அத்தை அதிகப்படியாகக் கொடுத்தது முந்நூற்றறுபது டாலர்.